துணித்தொட்டிலில் முதலில் நான்

2009-இல் சிதம்பரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். தினமும் காலையில் கீரப்பாளையத்திலிருந்து பஸ். கடலூரிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்தார் ஒரு டீச்சர். பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற மூன்று பேர் வேண்டும். ஒருமுறை அப்படித் தூக்கியபோது என்னுடன் வேலை பார்த்த அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, பத்து நாள் படுத்துவிட்டார். அதிலிருந்து டீச்சர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார், பாத்ரூமுக்குத் தூக்கிப் போகச் சொல்ல வேண்டியிருக்குமே என்று. நீர்க்கடுப்பு வந்த பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

சிங்கப்பூரில் இருந்த அவர் மகன் ஆளைத் தூக்கும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினார். மெக்கானிக் ஷெட்டில் இன்ஜின் தூக்குவார்களே, அதைப் போலவே இருந்தது. நீண்ட இரும்புக் கை, கொக்கிகள், கைப்பம்பு, தொட்டில் மாதிரி ஒரு துணி. டீச்சர் அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கோ அதில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவர் கண்ணெதிரிலேயே பக்கத்துக் கட்டிலில் படுத்து, அக்காவைத் தூக்கச் சொன்னேன். உடம்பு எழும்பியதும் கால் தானாகத் தரையைத் தேடியது. லேசாகச் சுழன்றதும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் முழங்காலில் கை வைத்ததும் பயம் போய்விட்டது. கருவியோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் இப்படிக் கை வைத்துப் பிடிப்பதைப் பற்றி எதுவும் இல்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"ஊஞ்சல் மாதிரிதான் டீச்சர். சுத்தும்போது மட்டும் யாராவது புடிச்சுக்கணும்."

டீச்சர் கருவியின் பக்கம் திரும்பினார். "அப்ப நீ புடிச்சுக்க."

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் துணியை அடியில் விரித்தோம். தொடைக்கடியில் வந்த துணியின் பட்டைகளைக் குறுக்காகக் கொக்கிகளில் மாட்டி, நாற்காலிக்கு பிரேக் போட்டோம். நாலு விரற்கடை தூக்கி நிறுத்தி, நான்கு கொக்கியும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அக்கா மறுபடி பம்பை அழுத்தினார்.

நடுவழியில் டீச்சர் நிறுத்தச் சொன்னார். வலிக்கிறதோ என்று பயந்தேன். அவர் தன் கட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ சின்னதா இது?" என்றார்.

மெல்ல நாற்காலியில் இறக்கினோம். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

அதற்குப் பிறகும் பல நாள் அப்படி ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்வார். என்ன பார்க்கிறார் என்று நானும் கேட்பேன். ஒருநாள், ஜன்னல் வழியே பார்த்து, எதிர்வீட்டு மொட்டைமாடியில் வடகம் காய்கிறது என்றார்.