சீட்டுக்கேற்ற ஆள்

என் அத்தான் உட்கார்ந்தே சம்பாதித்தவர். வேலைவெட்டி இல்லாதவனைக் குத்திக்காட்ட 'உட்கார்ந்து சாப்பிடுறான்' என்பார்களே, அந்த உட்காருதல் இல்லை இது. நிஜமாகவே உட்காருவதுதான் அவருக்கு உத்தியோகம். அக்காவுக்கு அவரைப் பேசி முடித்தபோது, "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "உட்கார்றாரு" என்று சொல்லிவிட்டு எங்கள் அப்பா முழித்த முழி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

விமானத்துக்கு சீட்டு செய்கிற கம்பெனி. நானும் அங்கேதான், சீட்டுக்கு உறை தைக்கிற பிரிவில். புதிதாக ஒரு சீட்டை வரைந்து முடித்தார்கள் என்றால் முதலில் மாதிரி ஒன்று செய்வார்கள். பின்பக்கக் கொட்டகைக்குள் விமானத்தின் நடுப்பகுதியை மட்டும் நறுக்கி வைத்தது போல ஒரு கூண்டு இருக்கும். மூன்று வரிசை சீட்டு, உருண்டை ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் காரை பெயர்ந்த சுவர். அதில் ஆளை உட்காரவைத்து, இன்ஜின் இரைச்சலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, காலையில் உட்கார்ந்தவரைச் சாயங்காலம்தான் எழுந்திருக்க விடுவார்கள். சாப்பாடும் முன்சீட்டின் முதுகில் மடித்து வைத்திருக்கிற குட்டிப் பலகையில்தான். பிறகு அளவு இன்ஜினியர் வந்து எங்கே இடிக்கிறது, எங்கே மரத்துப்போகிறது என்று கேட்பார்.

இதற்கென்று நாலு பேர் சம்பளத்தில் இருந்தார்கள். ஒரு குண்டர், ஒரு நெட்டையர், ஒரு ஒல்லி அம்மா, அப்புறம் என் அத்தான். அத்தான் எல்லாவற்றிலும் நடுவாந்தரம். உயரமும் நடு, எடையும் நடு, தோளும் நடு. கூட்டத்தில் விட்டால் அக்காவாலேயே கண்டுபிடிக்க முடியாது. அதனால் கம்பெனியில் அவருக்குப் பெயரே சராசரி. "சராசரியண்ணே, டீ குடிச்சாச்சா?" என்று கூப்பிட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"எனக்குச் சரியா இருந்தா ஊருக்கே சரியா இருக்கும்னு அர்த்தம்" என்று வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

"அப்போ உங்களைவிடப் பெரிய உடம்புக்காரங்க எங்க போய் உட்காருவாங்க அத்தான்? ஊர்ல பாதிப் பேரு அப்படித்தானே இருப்பாங்க?" என்று நான் கேட்பேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ கழுதை" என்பார்.

ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. தொடைக்கு அடியில் சீட்டின் ஓரம் அறுக்கிறது என்று அவர் சொல்லித்தான் ஒரு காலத்தில் அந்த ஓரத்தை வளைத்தார்கள். முதுகில் இந்த இடத்தில் பள்ளம் வேண்டும் என்றால் பள்ளம் வைத்தார்கள். அப்போதெல்லாம் சீட்டைத்தான் ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்தார்கள்.

அப்புறம் சீட்டு மெலிய ஆரம்பித்தது. நூல் நூலாகத்தான் குறைத்தார்கள். ஒரு மாதிரியில் கைப்பிடி ஒல்லியாகும், அடுத்ததில் பஞ்சு குறையும், அதற்கடுத்ததில் முன்சீட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வரும். தைக்கிற எங்களுக்குத் துணி மிச்சமாகிக்கொண்டே போகும். மிச்சத்துணியில் எங்கள் பிரிவுப் பெண்கள் பை தைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பை தைத்தும் எவளுக்கும் எதுவும் உறைக்கவில்லை.

முதலில் குண்டர் போனார். கைப்பிடிக்குள் இறங்க முடியவில்லை என்று சொன்னதற்கு, "உங்களை வச்சு சீட்டு செய்ய முடியாதுங்க, நீங்க விதிவிலக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து, "அந்தாளு வாயைக் கட்டியிருக்கணும்" என்றார். கொஞ்ச நாளில் நெட்டையருக்கு முட்டி மடங்கவில்லை. "உசரமா இருக்கறவங்க கூடக் காசு கொடுத்து முன்வரிசை வாங்கிக்கட்டும்" என்று அவரையும் அனுப்பினார்கள். அத்தான் அதற்கும் சிரித்தார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது.

நான் ஒரே ஒரு தடவை விமானத்தில் போயிருக்கிறேன். நடு சீட்டு. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள், பாவம், அவர்களும் சாதாரண உடம்புக்காரர்கள்தான். ஆனால் மூன்று பேருடைய ஆறு கைக்கும் அங்கே இடமில்லை. முகம் தெரியாதவனின் வேர்த்த கை என் கைமேல் ஒட்டிக்கொண்டே வந்தது. நான் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, தேமே என்று, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்கிறாள். எதை அட்ஜஸ்ட் பண்ண? இடுப்பெலும்பைக் கழற்றி, மேலே பெட்டி வைக்கிற இடத்தில் வைத்துவிடவா? காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி உட்கார வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இறங்கியபோது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

கடைசியாக வந்த மாதிரிதான் அத்தானைக் கவிழ்த்தது. வழக்கம் போல் உட்காரப் போனவர் முழுசாக உட்காரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டார். இரண்டு கைப்பிடியும் இடுப்பைக் கவ்விக்கொண்டன. அழுத்தி இறங்கினார். எழுந்தபோது சீட்டும் கூடவே கிளம்பப் பார்த்தது.

"அண்ணே, கொஞ்சம் சதை போட்டுட்டீங்க போல" என்றார் அளவு இன்ஜினியர்.

"இல்லீங்க சார். அதே உடம்புதான்."

"இல்லண்ணே. சீட்டு சராசரி ஆளுக்குன்னுதான் வரைஞ்சிருக்கு. அதுல நீங்க உட்கார முடியலைன்னா, நீங்க இப்போ சராசரி இல்லைன்னு அர்த்தம்."

அத்தானின் முகம் செத்துப்போயிற்று. ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் உடம்பைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு சராசரி பார்ப்பார்கள். அவருடைய கால்சட்டையெல்லாம் நான்தான் தைத்துத் தருகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்ல? அங்கே அளவு என்றால் அவர்கள் எடுக்கிற அளவுதான்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அத்தான் காலையில் வெறும் தண்ணீர், மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு, இரவு அதுவும் இல்லை. அக்கா முதலில் கெஞ்சினாள், பிறகு கத்தினாள்.

"யாருக்காக இப்படி வயித்தைக் காயப் போடுறீங்க? ஒரு நாற்காலிக்காகவா?"

"அது நாற்காலி இல்லடி, சோறு."

"அந்தச் சோத்தைத்தான் திங்க மாட்டேங்கறீங்களே!"

 நாளுக்கு நாள் அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று, கண் உள்ளே போயிற்று. ஆனால் இடுப்பு மட்டும் முதலில் அசைய மாட்டேன் என்றது. சதை கரைந்தாலும் எலும்பு கரையுமா என்று நினைத்தேன். ஒரு நாள் நான் போனபோது அத்தானைக் காணவில்லை. அக்கா படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் ஒரு முக்காலியைப் போட்டு, ஒரு தோளை முன்னால் தள்ளி, இன்னொரு தோளைப் பின்னால் ஒடுக்கி, முட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழகுகிறாராம். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"முடியலைன்னு சொல்லிடுங்க அத்தான். சீட்டுதான் சின்னதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பாங்க. உங்களை வச்சுத்தானே ஊருக்கே செய்யறாங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்போ சொன்னா நாளைக்கே வேற ஒருத்தனை உட்கார வைப்பாங்க. கேட்டுக்கு வெளியே எத்தனை ஒல்லிப்பய நிக்கிறான், தெரியுமா?"

"வேற வேலையே கிடைக்காதா?"

"என்னன்னு சொல்லிக் கேட்க? இருபது வருஷமா உட்கார்ந்தேன், நல்லா உட்காருவேன்னா? யாரு கொடுப்பா?"

 அவர் கேட்டது நியாயம்தான். ஐம்பதைத் தொட்ட மனிதர், கைத்தொழில் எதுவும் தெரியாதவர். அந்த வேலை போனால் அவர் எதற்கும் ஆக மாட்டார், அது அவருக்கும் தெரியும்.

தவணை முடிந்த அன்று, தைத்த உறைகளைக் கொடுக்கிற சாக்கில் நானும் கொட்டகைக்குப் போனேன். பெரிய மேனேஜரே வந்திருந்தார். கூண்டுக்குள் நடு சீட்டைக் காலியாக விட்டு, அந்தப் பக்கம் ஒல்லி அம்மா, இந்தப் பக்கம் அலுவலக ஆள் ஒருவர். அத்தான் போய் இறங்கினார். இடிக்கவில்லை, கவ்வவில்லை. கடைசி நாட்களில் இடுப்பும் இளைத்துவிட்டிருந்தது; தளர்ந்துபோன கால்சட்டையைப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார், அதன் மடிப்பெல்லாம் தெரிந்தது. தோளை ஒடுக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு மாதப் பட்டினியும் பழக்கமும் பலித்துவிட்டன. சாயங்காலம் வரை அசையவில்லை. பலகையில் வைத்த சாப்பாட்டையும் தொடவில்லை.

நானும் எத்தனை தடவைதான் உறை கொண்டுபோய்க் கொடுக்க முடியும்? கடைசி தடவை போனபோது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டிருந்தார்கள். இன்ஜினியர் குனிந்து கேட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"நல்லான்னா? சும்மா சொல்லாதீங்க. சரியா இருக்கா, இறுக்கமா இருக்கா?"

வேலை போய்விடுமோ என்ற பயம்தான். சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். பாவி மனுஷன், வாய் நிறையச் சொன்னார்:

"தாராளமா இருக்கு சார்."

பெரிய மேனேஜர் முன்னால் வந்தார். "தாராளமாவா?" என்று கேட்டுக்கொண்டே அத்தானின் தொடைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. அந்தப் பக்கமும் விட்டார். அங்கேயும் போயிற்று. இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, சராசரி ஆளுக்கே இவ்வளவு இடம் மிச்சம் இருக்கு? இதை எடுத்தா ஒரு வரிசைக்கு இன்னொருத்தரை உட்கார வைக்கலாமே."

"எடுத்துடலாம் சார்" என்றார் இன்ஜினியர்.

 நான் கையிலிருந்த உறைகளைக் கீழே போட்டேன்.

"சார், அது சீட்டுல மிச்சம் இல்லை சார். அவரு உடம்புல குறைஞ்சது. ஒரு மாசமா அவரு பட்டினி சார். இவரை வச்சு அளந்தா நாளைக்கு யாருமே இதுல உட்கார முடியாது!"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று தலையை ஆட்டினால்கூடப் போதும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ என் மச்சினி சார். கொஞ்சம் வாய்த்துடுக்கு" என்றார் அத்தான். "நான் நல்லாத்தான் சார் சாப்பிடறேன்."

பெரிய மேனேஜர் சிரித்துவிட்டு அவருடைய தோளைத் தட்டினார். என்னைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். போனேன். மெஷினில் உட்கார்ந்து ஒரு தையல்கூடப் போட முடியவில்லை. ஒரு பயந்த மனிதர் தன்னைச் சுருக்கிக்கொண்டதற்கு, முகம் தெரியாத எத்தனை ஆயிரம் பேர் சுருங்கி உட்காரப் போகிறார்கள்! அவர்களால் உட்கார முடியாவிட்டால், உடம்பைக் குறையுங்கள் என்பார்கள். அந்த ஜனமும், தன்மேல்தான் தப்பு என்று நம்பி வெட்கப்படும்.

சாயங்காலம் அவருக்கு இரண்டடி முன்னாலேயே வீடு வரைக்கும் நடந்தேன். எங்களைப் பார்த்ததுமே அக்கா, "வேலை நிலைச்சுதா?" என்றாள்.

"நிலைச்சுது" என்றார் அத்தான்.

அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள், என் கையைப் பிடித்து அழுத்தினாள், அடுப்படிக்கு ஓடினாள். ஒரு மாதமாகப் போடாமல் வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கே போட்டுவிடுகிறவள் போல அவருடைய தட்டை நிரப்பினாள். "இனிமே ஒரு வேளைகூட விட மாட்டேன், ஆமாம்" என்று மிரட்டினாள்.

அத்தான் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையை வைக்கவில்லை.

"அடுத்த மாசம் புது மாதிரி வருது" என்றார். "இன்னும் ரெண்டு விரல் குறைச்சு. அதுலயும் நான்தான் உட்காரணுமாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன்.  ஆனால் அவள் பாத்திரத்தைக் கிட்டே இழுத்து, போட்டதில் பாதியை அள்ளித் திரும்ப அதிலேயே போட்டாள்.