வலைக் குவியலைச் சுற்றிய தவிட்டுக்குருவிகள்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மீனவர் வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். நான் தந்தி அடிக்கும் பயிற்சி முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். ஒலியின் நீளத்தையும் இடைவெளியையும் கேட்டே பழகிய காது, வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. கொல்லையில் மேயும் தவிட்டுக்குருவிகளின் குரல்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒன்று, வல்லூறு: காவலிருக்கும் குருவி ஒரே ஒரு கீச்சுக் கொடுக்கும், எல்லாம் புதருக்குள் போய் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு, பூனை: ஓயாத கூச்சல், பூனை நகர நகரக் கூட்டமும் நகரும். மூன்று, பாம்பு: அதே கூச்சல், ஆனால் கூட்டம் இடத்தை விட்டு அசையாது.

மூன்றாவதால் எனக்கு ஒரு முறை அவமானம் நேர்ந்தது. பாம்பு என்று நான் அடித்துச் சொல்ல, பக்கத்து வீட்டு அண்ணன் விறகு அடுக்கு முழுவதையும் பிரித்துப் போட்டார். மேலே பூவரசம் பொந்தில் ஒரு ஆந்தை உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு என்னைக் கண்டாலே ஆந்தை போலக் கழுத்தைத் திருப்பிக் காட்டுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் மறுபடியும் அந்தக் கூச்சல். மூலையில் குவித்திருந்த வலையைச் சுற்றி ஏழு குருவிகள், சிறகைத் தொங்கவிட்டு நின்றன. அண்ணன் வலையை எடுக்க வந்தார். கூட்டாளிகள் கட்டுமரத்தோடு கரையில் காத்திருந்தார்கள். குவியலுக்கு அடியில் கையை விட்டுத்தான் அவர் வலையை அள்ளுவார்.

இதுவும் ஆந்தையாக இருந்தால்? அன்று குருவிகள் நிமிர்ந்து பார்த்தன. இன்று குனிந்து பார்த்தன. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிச்சயம் என்று சொல்ல முடியாது. அதற்குள் அவர் குந்திவிட்டார்.

"அண்ணே, கையை விடாதீங்க. பாம்பு இருக்கும்."

"இன்னா பாப்பா, இன்னிக்கும் ஆந்தையா?"

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது.

"யோவ், துறட்டியால ஒரு தபா தூக்கிப் பாரு," என்றாள் அவள். "ஆந்தையா இருந்தா அப்பால சிரிச்சுக்கோ."

தூக்கினார். சீறல் எழுந்தது. கண்ணிகளில் உடல் சிக்கி, தலை மட்டும் வெளியே நீட்டி, படம் விரித்திருந்தது நல்ல பாம்பு. அவர் துடுப்பை ஓங்கினார்.

"நல்ல பாம்புய்யா. கடலுக்குப் போறவன் நீ. அடிக்காதே," என்றாள் மனைவி.

துடுப்பைக் கீழே வைத்தார். துறட்டிக் கத்தியால், கோலின் நீளத்துக்குத் தள்ளி நின்று, கண்ணி கண்ணியாக அறுத்தார். படம் அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் நிறுத்தினார். கரையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, கூட்டாளிகள் அவர் இல்லாமலே போய்விட்டார்கள். பாம்பு வேலிக்கு அப்பால் வழுக்கிப் போனபோது வலையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

அவள் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னிய வலை. என்னால்தான் இப்படி என்றேன்.

"போம்மே, கண்ணியப் பின்னிக்கலாம்," என்று நூலும் ஊசியுமாக வந்து உட்கார்ந்தாள்.

அண்ணன் வேலியைப் பார்த்தார். "குருவி இன்னும் கத்திகினே கீதே. இன்னா சொல்லுது பாப்பா?"

கேலி இல்லாமல் கேட்டார். காது கொடுத்தேன். கூட்டம் வேலியோரம் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"பாம்பு அங்கேயேதான் இருக்கு அண்ணே. இன்னும் போகலை."

அவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு, வலையின் மறுமுனையைத் தன் பக்கம் இழுத்தார்.