கூட்டம் பார்க்கிறவள்

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசி குற்றாலம் வட்டாரத்தில் ஒரு மேளக்கச்சேரி நன்றாக இருந்ததா இல்லையா என்பது வாசித்தவர்களுக்கே உடனே தெரிந்துவிடாது. மறுநாள் காலை மேலகரம் டீக்கடை ஓரத்தில் ஓலைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு குழல்வாய்மொழி வாயைத் திறக்க வேண்டும். அவள் சொன்னால்தான் சொன்னது.

அவள் சங்கீதம் படித்தவள் இல்லை. வறுத்த கடலை விற்கிறவள். புருஷன் பலவேசம் புறவாசலில் மணலைக் காயவைத்துத் தோட்டோடு கடலை வறுப்பான். அவள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு குற்றாலமோ இலஞ்சியோ தென்காசியோ, எங்கே கொட்டுச் சத்தம் கேட்கிறதோ அங்கே நடையைக் கட்டிவிடுவாள். இருபது வருஷ நடை. வட்டாரத்துத் திருவிழா ஒன்று பாக்கியில்லை.

அவளுடைய அப்பா தவில்காரர். சின்னப் பிள்ளையில் அவருடைய வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து பார்த்தால் கூட்டத்தின் முகம்தான் தெரியும். ஊரெல்லாம் வாசிக்கிறவனைப் பார்த்துக் கேட்டது. இவள் கேட்கிறவனைப் பார்த்துக் கேட்டாள். பெரியவளாகி, கல்யாணமாகி, கடலைப்பெட்டி தலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கச்சேரி நடக்கும்போது மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் அவள்தான்.

அவள் வைத்திருந்த அளவுகோல் ரொம்பச் சுலபமானது. வாசிப்பு சுமாராக இருந்தால் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏ கடலை, இங்கன வா" என்று நாலு பக்கமும் கை நீளும். கூட்டம் முழுக்க டப்பு டப்பென்று தோடு உடைகிற சத்தம் கேட்கும். வாசிப்பு ஆளைப் பிடித்துவிட்டால் யாரும் கடலை கேட்க மாட்டார்கள். வாங்கி வைத்த பொட்டலம்கூட மடியில் அப்படியே கிடக்கும். இதில் அவளுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை, நஷ்டம்தான். அதனால்தான் ஊர் அவளை நம்பியது. விற்காமல் போனதைப் பெருமையாகச் சொல்லும் வியாபாரி வேறு எங்கே கிடைப்பாள்?

"நேத்து தோடி வாசிக்கையில ஒரு தோடு உடையலை. பெட்டியோட போனேன், பெட்டியோட வந்தேன்" என்பாள், என்னவோ வாசித்ததே அவள்தான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு.

டீக்கடையில் இதற்காகவே காத்திருக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பீர் மைதீன், தறி நெய்கிறவர். மேலகரம் தங்கசாமியின் நாதஸ்வர செட்டு என்றால் உயிர். இன்னொருவர் நாறும்பூநாதன், தென்காசியில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். அவருக்குச் சிவகிரி செட்டுதான் செட்டு. இரண்டு பேரும் கச்சேரியைப் பற்றிப் பேசியதைவிடக் கூட்டத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது, எத்தனை பேர் எழுந்து போனார்கள், எழுந்தவன் திரும்பி வந்தானா, ஒன்ஸ்மோர் கேட்டது அசலூர்க்காரனா உள்ளூர்க்காரனா என்று டீ ஆறி ஏடு படியும்வரை வழக்காடுவார்கள். கடைசியில் இருவரும் ஒன்றாகத் திரும்பி, "மொழி, நீ சொல்லு" என்பார்கள்.

அவள் சொல்வாள். வழக்கு முடிந்துவிடும்.

இப்படியே போயிருந்தால் நல்லதுதான். ஆனால் தங்கசாமி செட்டில் புதிதாகத் தவிலுக்கு வந்து சேர்ந்தவன் குழல்வாய்மொழியின் கூடப்பிறந்த தம்பி செல்லப்பா. அப்பா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. இருபத்திமூன்று வயது, இரும்பு மாதிரி கை. அந்த வருஷம், ஐம்பத்தெட்டில், குற்றாலத்து ஐப்பசித் திருவிழாவில் சாயங்காலக் கச்சேரியில்தான் அவனுக்கு முதல் தனி. நாதஸ்வரம் ஒதுங்கி நிற்க, தவில் மட்டும் பேசுகிற அரைமணி நேரம்.

செல்லப்பா அடித்தான் பாருங்கள், மலையில் இருக்கிற குரங்கெல்லாம் இறங்கி வந்திருக்கும். அப்படி ஒரு வேகம். கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. தலைமயிர் பறந்தது. பையன்கள் எழுந்து நின்று சீட்டி அடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த கைதட்டல். பீர் மைதீன் அழுதே விட்டார்.

மறுநாள் காலையில் அவர் குரல் டீக்கடைக்கு நாலு வீடு தள்ளியே கேட்டது.

"என்ன வே சொல்லுதீரு இப்பொ? சீட்டி காதைப் பிளந்துச்சா இல்லையா? உம்ம சிவகிரிக்காரனுக்கு என்னைக்காவது இப்படி ஒரு கூட்டம் ஆடியிருக்கா?"

வழக்கு மேலகரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு சடங்குக்காகத்தான் இரண்டு பேரும் குழல்வாய்மொழியிடம் திரும்பினார்கள்.

அவள் பெட்டிக்குள் கையைவிட்டுக் கடலையை அளைந்தாள்.

"சத்தம் நிறைய இருந்துச்சு, பாய்" என்றாள். "ஆனா சீட்டி அடிச்ச பயலுவதான் கடலையும் கேட்டானுவ. ஒரு கையால சீட்டி, மறு கையால கடலை. என் பெட்டி தனி முடியுததுக்குள்ள காலி."

"மொழி, அவன் உன் தம்பி!" என்றார் பீர் மைதீன்.

"தம்பிதான். அதுக்காக வித்த கடலையை விக்கலைன்னா சொல்ல முடியும்?"

நாறும்பூநாதன் சிரிக்கவில்லை. ஜெயித்தவர் சிரித்திருக்க வேண்டும். "சொந்தத் தம்பின்னும் பாக்கல" என்று வியாபாரத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி, அவள் பேச்சு சிவகிரி வரைக்கும் போயிற்று. அங்கே அவளைப் பார்த்திராதவர்கள்கூட, "மேலகரத்துல ஒரு பொம்பள இருக்காளாம்லா" என்று பேசினார்கள். மேலகரத்துக்காரர்களுக்கும் உள்ளூரத் திமிர்தான். தோற்றது நம்ம செட்டு என்றாலும், தோற்கடித்தது நம்ம ஊர் வாய் அல்லவா!

செல்லப்பாவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவன் வந்து சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தெருவில் எதிரே வந்தால் சைக்கிளை வேறு சந்தில் திருப்பினான். தீபாவளிக்கு வரவில்லை. தை மாதம் பொங்கல்படி வந்தது. அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, ரெண்டு கரும்பு என்று தம்பி அக்காவுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டிய சீர், ஒன்று குறையாமல் வந்தது. ஆனால் கூலிக்காரன் ஒருவன் தலையில் வந்தது.

கரும்பை வாசலில் சார்த்தி வைத்துவிட்டு குழல்வாய்மொழி அழுதாள். பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, 'நல்லா அடிச்சான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா போயிருக்கும்?"

"நல்லா அடிச்சான்னு எனக்கே தோணலியே. பொய்யைச் சொல்லி அவனைச் சோத்துக்குக் கூப்பிடவா?"

"இனிமே எப்பந்தான் வருவான்?"

"நான் வாயார ஒரு நல்ல வார்த்தை சொன்னாத்தான் வருவான். அவன் வீம்பு எனக்குத் தெரியாதா? எங்கப்பன் வீம்பு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு அவன் வாசிக்கணும்லா."

மாசித் திருவிழா வந்தது. தென்காசிக் கோயில் முன்னால் பந்தல் போட்டு, ஒரே சாயங்காலம் சிவகிரி செட்டும் தங்கசாமி செட்டும் அடுத்தடுத்து. நாறும்பூநாதன் மதியமே போய்த் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் தெற்கு வாசல் வரை தலை.

சிவகிரிக்காரர்கள் அருமையாக வாசித்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. குழல்வாய்மொழி வழக்கம்போல மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கால்வாசிப் பெட்டி விற்றது. பெரிய ராகத்தின்போது ஒருவரும் கடலை கேட்கவில்லை. மனசுக்குள் குறித்துக்கொண்டாள். பிறகு தங்கசாமி கரகரப்பிரியா எடுத்து, முடித்து, ஒதுங்கினார். தனி.

மறுபடி அந்தப் பேய்வேகம்தான் வரப்போகிறது, பையன்கள் எழுந்து நிற்கப் போகிறார்கள், நான் நாளைக்கு மறுபடியும் பாவம் செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒரு கிழவருக்குக் கடலை அளக்க உழக்கை நிறைத்தாள்.

முதல் அடி விழுந்தது. மெதுவாக. தொப்பிப் பக்கம், கம்பு விழுகிற இடது முகத்தில் ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது முகமான வலந்தலையில் விரல்கள் மட்டும், வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி, ரொம்பத் தயங்கி. இதென்ன, மறந்துவிட்டானா? பதறிப்போய் அவள் மேடைப் பக்கம் திரும்பினாள்.

மறக்கவில்லை. அவசரம் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு தாளச்சொல்லை எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, பாதியில் விட்டு, அந்தப் பாதியை நாம் மனசுக்குள் முடிப்பதற்கு இடம் கொடுத்து, அப்புறம் நாம் நினைக்காத இடத்தில் கொண்டுபோய் வைத்தான். தலைமயிர் பறக்கவில்லை. நாலு மாசமாக யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்து சாதகம் செய்த கை அது. போன ஐப்பசியில் வீசின வீச்செல்லாம் இப்போது அடங்கிப்போய், வேண்டிய இடத்தில் மட்டும் வெளியே வந்தது. கடைசியில் வேகமும் வந்தது. வந்தபோது அது வேகமாகவே தெரியவில்லை.

தனியை முடிக்கிற தீர்மானத்தை வாசித்து அவன் கம்பைக் கீழே வைத்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கையில் உழக்கு நிறையக் கடலை அப்படியே இருந்தது. எதிரில் கிழவர் துண்டை விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை, கொடு என்று அவரும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார இடமில்லை. சிவகிரியிலிருந்தே நாலு பேர் வந்திருந்தார்கள். பீர் மைதீன் பெஞ்சின் மேல் ஏறி நிற்காத குறை.

"ஊசி விழுந்தா கேக்கும் வே, ஊசி! ஒருத்தன் இருமலை!"

"இருமாம என்ன? மேற்க இருந்து பத்துப் பேரு எந்திச்சுப் போனதை நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் நாறும்பூநாதன்.

"அவனுவ செங்கோட்டை பஸ்சுக்குப் போனவனுவ!"

"பஸ்சு நிக்கும்வே, நல்ல தனியா இருந்தா பஸ்சும் நிக்கும். கடைசில கைதட்டு? எங்க செட்டுக்கு விழுந்ததுல பாதி விழுந்துச்சா?"

அது உண்மை. தனி முடிந்ததும் கைதட்டல் உடனே விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒழுங்கில்லாமல் விழுந்தது. பீர் மைதீனுக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"மொழி, நீ சொல்லு."

குழல்வாய்மொழி நிமிர்ந்தாள். அப்போதுதான் செல்லப்பாவைப் பார்த்தாள். புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றான். அவள் வாயிலிருந்து வருவதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான்.

சொல்வதற்கு வார்த்தையா இல்லை? தனியின்போது கடலை விற்கவே இல்லை என்றால் போதும். முக்கால் பெட்டி அப்படியே கிடக்கிறது, சாட்சிக்குக் குறைவில்லை. ஆனால் விற்காததற்கு யார் காரணம்? பத்துப் பேர் கேட்டிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி" என்றாள்.

கூட்டம் புரியாமல் பார்த்தது. புளியமரத்தடியில் சைக்கிள் மணி லேசாகக் கிணுங்கியது. அவன் வண்டியைத் திருப்புகிறான்.

"தெரியாதா? நீ அங்கனதான நின்ன?" என்றார் நாறும்பூநாதன்.

"நின்னேன். கூட்டம் கைதட்டுச்சா, எந்திச்சுப் போச்சா, கடலை கேட்டுச்சா, ஒண்ணும் தெரியாது. நான் கூட்டத்தைப் பாக்கலை." அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் தலை நிமிர்ந்தே இருந்தது. "இருபது வருசத்துல மொதத்தடவையா மேடையைப் பாத்துட்டேன். தனி முடியுத வரைக்கும் திரும்பத் தோணலை."

நாறும்பூநாதன் ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"சரி. வழக்கு முடிஞ்சுது" என்றார் சிவகிரிக்காரர்களிடம். "வாங்கய்யா, போவோம்."

செல்லப்பா சைக்கிளைத் திருப்பினபடியே நின்றான். முகத்தை இந்தப் பக்கம் காட்டவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"ஏலே, அங்கன என்ன நிக்கே?" என்று கத்தினாள் அக்கா, கண்ணைத் துடைக்காமலே. "பெட்டியைத் தூக்கிவிடு. உன் தனியில ஒரு கடலை விக்கலை, கனமா கனக்கு."