தூது சொல்லும் டெனர்

எர்மெஸ் கவதோர்த்தா மேடையில் ஒரு தடவைகூடச் சாகவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஓபரா பாடிய டெனருக்கு இது பெரிய குறை. டெனர் என்றால் ஆண்குரலின் உச்சம். உச்சத்தில் பாடுகிறவன்தான் காதலிப்பான், கத்திக்குத்து வாங்குவான், வாங்கிய பிறகும் எழுந்து உட்கார்ந்து கால்மணி நேரம் பாடுவான். எர்மெஸுக்கு வாய்த்தது வேறு. "ஐயா, வண்டி தயார்." "அம்மா, பிரபு வருகிறார்." "ஐயோ, அவர் இறந்துவிட்டார்." மற்றவர்கள் செத்த செய்தியைச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்பார். அவரே செத்தது ஒரே முறை, பிப்ரவரியில், இத்தாலியில் சொந்த ஊரான பார்மாவின் ஆஸ்பத்திரியில். வாத்தியக் கோஷ்டி இல்லை. செய்தியை ஒரு நர்ஸ் வந்து சொன்னார். சுமாராகச் சொன்னார்.

ஆரம்பத்தில் அவரும் காதலிக்கத்தான் கிளம்பினார். தக்காளி டின் ஆலையில் கொதிகலன் மெக்கானிக். நீராவிச் சத்தத்தையும் தாண்டி அவர் குரல் கேட்டதால் யாரோ பொலோன்யா நகரத்து இசைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். இருபத்தொன்பது வயதில் சொந்த ஊர் ஓபரா அரங்கில் கதாநாயகன் வேடம் கிடைத்தது. நான்கு நாள் கழித்து இரிதேயுடன் கல்யாணம். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டது அவர் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, எழுதியதைப் பாடியது. மூன்றாம் அங்கத்தில் கதாநாயகன் வாளை உருவிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவான். முடிவில் ஓர் உச்ச ஸ்வரம் வரும். இசையமைத்தவர் அதை எழுதவே இல்லை. எந்தக் காலத்திலோ எந்த டெனரோ சொந்தச் சரக்காகச் சேர்த்தது. பார்மா கேலரி அதைப் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொண்டுவிட்டது. மலிவான டிக்கெட்டில் மேலே கூரையடியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கும்பலுக்கு அந்த ஸ்வரம் வராவிட்டால் வீட்டில் திருட்டுப் போன மாதிரி. அந்த வருடம் இசைநடத்துனர் வெளியூர், த்ரியெஸ்தேக்காரர். இசை ஏட்டில் இருப்பதை மட்டும் பாடு என்றார். எர்மெஸ் கீழ்ப்படிந்தார். அந்த ஸ்வரம் அவர் தொண்டையில் இருந்தது. குளியலறையில் தினமும் வந்தது. அன்றைக்கு மேடையில் மட்டும் விடவில்லை.

பாட்டு முடிந்தது. பிறகு மேலேயிருந்து விசில். இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கும் அந்த நீளமான விசில் யாருடையது என்று எர்மெஸுக்கு உடனே தெரிந்தது. இரிதேயின் அண்ணன் நந்தோ. ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நந்தோவுக்கு வேலை, உப்பிட்டு உலர்த்தும் பன்றித் தொடைகளைச் சோதிப்பது. குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையில் குத்துவார், எடுப்பார், மூக்கில் வைத்து முகர்வார், நல்லது கெட்டது சொல்வார். தொடைக்கும் டெனருக்கும் அவரிடம் ஒரே மூக்கு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் அதே நந்தோ மாப்பிள்ளைக்குச் சாட்சியாக நின்று கையெழுத்துப் போட்டார், விருந்தில் எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டார். விசில் பற்றி மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. மழை பெய்ததற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

அதன் பிறகு எர்மெஸ் சொந்த ஊரில் பாடவில்லை. கதாநாயகன் வேடங்களும் வரவில்லை. தூது சொல்லும் வேடங்கள் வந்தன; வந்துகொண்டே இருந்தன. வேலைக்காரன், குடிகாரன், நாயகனின் உபயோகமில்லாத நண்பன். ஜெனோவா, லியோன், கிராஸ் என்று ஊர் ஊராக அலைந்தார். கழுத்தில் எப்போதும் துப்பட்டி மாதிரி ஒரு மப்ளர். காலையில் பேசமாட்டார். தண்ணீர் கிளாசில் ஸ்ட்ராவை விட்டு ஊதிக்கொண்டே இருப்பார், குரலுக்கு அது பயிற்சி. ஊதா நிறச் சட்டை போட்டவன் அறைக்குள் வந்தால் நாடகமே நாசமாகிவிடும் என்று நம்பினார். மகள் ஊதாச் சட்டை போட்டுக் குறுக்கே நடந்து சோதித்துப் பார்த்தாள். நாடகம் நன்றாகத்தான் போனது. அதற்குக் காரணம் தான் உடனே செய்த பரிகாரம் என்றார். பம்பு இன்ஜினீயரான அந்த மகள், தொண்டை என்பது ஒரு வால்வு, நுரையீரல் அழுத்தம் கொடுக்கும் பை, மற்றதெல்லாம் குழாய் என்று விளக்கினாள். அவர் அதை ஒப்பனைக்காரர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார், கொஞ்சம் தப்பாக.

கதாநாயகர்கள் நாற்பத்தைந்தில் குரல் உடைந்து வீட்டுக்குப் போனார்கள். தூதுவர் மிஞ்சினார். "சாகறவன் மாறிக்கிட்டே இருப்பான், சேதி சொல்றவன் நிரந்தரம்" என்பாள் இரிதே.

அறுபத்தொன்றில் சொந்த ஊர் அரங்கிலிருந்து போன் வந்தது. கிழட்டுப் பேரரசன் வேடம். மேடையின் பின்னால், உயரத்தில் ஒரு சிம்மாசனம். அதில் உட்கார்ந்து சில வரிகள். தளர்ந்த குரலில் என்று ஏட்டிலேயே எழுதியிருக்கும். ஓய்வு பெறப்போகும் டெனர்களுக்கு எல்லா ஊரிலும் இந்த வேடத்தைக் கொடுத்துத்தான் அனுப்பிவைப்பார்கள். பென்ஷனுக்கு முந்தைய மாலை மரியாதை.

எர்மெஸ் முடியாது என்றார். விசிலுக்குப் பயமா என்று இரிதே கேட்டாள்.

"விசிலடிச்சா நிம்மதி. பெரிய பார்ட்டுக்குத்தான்டி விசில். நான் வாயத் தொறக்கறப்ப எல்லாரும் மிட்டாய்த் தாளப் பிரிப்பாங்க. இருமுவாங்க. பக்கத்துல இருக்கறவன்கிட்ட மணி என்னன்னு கேப்பாங்க. சொந்த ஊர்ல அதக் கேட்டுட்டு நான் எப்படி வீட்டுக்கு வருவேன்?"

"நடந்துதான். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு."

அவர் ஒத்துக்கொண்டார்.

ஒத்திகை தொடங்கிய பிறகு ஒரு மதியம் நந்தோ சாப்பிட வந்தார். கீரையைப் பூரணமாக வைத்த தொர்தெல்லி பாஸ்தா, வெண்ணெய் மிதக்கும் தட்டு. மூன்றாவது தட்டில் விஷயத்துக்கு வந்தார். எர்மெஸுக்குக் குரல் இன்னும் கெட்டுப்போகவில்லை என்பது ஊருக்குத் தெரியும் என்றார். பேரரசனாவது கிழவனாவது, நெஞ்சைத் திறந்து பாடிவிடு, கேலரி எழுந்து நிற்கும், அதற்குத் தான் பொறுப்பு என்றார். ஏட்டில் தளர்ந்த குரல் என்று இருக்கிறதே என்று எர்மெஸ் இழுத்தார்.

"மறுபடியும் ஏடா?" நந்தோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அன்னிக்கும் ஏட்டப் பாத்துத்தான் நாசமாப் போன மாப்ள. இப்பவாவது எங்களப் பாரு."

எர்மெஸ் எழுந்து போய்த் தண்ணீர் கிளாசை எடுத்தார். அன்று முழுக்க ஸ்ட்ராவில் ஊதிக்கொண்டிருந்தார்.

முதல் நாள். அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றக் கழிகட்டிச் சாரம் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் பின்பக்கம் தள்ளி ஏற்றினார்கள். சிம்மாசனம் ஆடியது. எதிரே, கிட்டத்தட்ட அவர் கண் மட்டத்தில், கேலரி. வாழ்நாளில் அவ்வளவு நேராக அதைப் பார்த்ததில்லை. நந்தோவின் வழுக்கை தெரிந்தது. முதல் வரிக்கு மூச்சு இழுத்தபோது ஒரு மிட்டாய்த் தாள் பிரிந்தது.

நெஞ்சைத் திறந்தால் முடிந்தது. அந்தத் தாளை ஒரே ஸ்வரத்தில் மூடிவிடலாம். அவர் திறக்கவில்லை. கிழவனாகப் பாடினார். காற்று கசியும் குரல், நூல் மாதிரி, அறுந்துவிடும் போல, ஆனால் அறாமல். தளர்ந்த மாதிரிப் பாடுவதற்குத்தான் மூச்சு அதிகம் வேண்டும்; வால்வை அரைகுறையாகத் திறந்து பிடிப்பது முழுதாகத் திறப்பதைவிடக் கஷ்டம். இரண்டாவது வரியில் தாள் சத்தம் நின்றது. தின்றுவிட்டார்களா, கேட்கிறார்களா, தெரியவில்லை. அந்த இடத்தில் கைதட்ட வழியில்லை. இசை நிற்காமல் ஓடும். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று வணங்கியபோது அவருக்குக் கிடைத்தது, காவலாளி வேடக்காரனுக்குக் கிடைத்த அதே கைதட்டல்.

ஒப்பனையைக் கழுவினார். தாடியின் பசை போகவில்லை. "முடிஞ்சுது" என்று இரிதேயிடம் சொன்னார். ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டுப் போகலாம் என்று அவள் அரங்குக்குப் பின்னாலிருக்கும் பாருக்கு இழுத்துப் போனாள். கதவைத் திறப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது.

கேலரி முழுக்க உள்ளே இருந்தது. கதாநாயகனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நடுவில் நந்தோ. எதிரே ஒலிம்பியா, மருந்துக்கடைக்காரி, கேலரியில் சின்ன டார்ச் அடித்து ஏட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிற ஆள்.

"குரல் போச்சு" என்றார் நந்தோ. "நுரையீரல் போச்சு. எனக்கு மூக்கு இருக்கு. என் தங்கச்சி புருஷன், எனக்கு மட்டும் வருத்தமில்லியா?"

"உங்க மூக்கு தொடைக்கு மட்டுந்தான் அண்ணே. காதுல உப்பு அடைச்சிருக்கு. அது நடிப்பு. அப்படி ஒரு மெல்லிசு இந்த ஊர்ல நான் கேட்டதே இல்ல."

(அந்த வருட டிசம்பரில், எர்மெஸ் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, டாக்டர் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னதை, நந்தோ படம் எடுக்காமலே சொல்லியிருந்தார். ஒலிம்பியா சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே தொண்டைக்குள் நடந்தது.)

பார் இரண்டாகப் பிரிந்து கத்தியது. யாரோ பேரரசனின் மூன்றாவது வரியைப் பாடிக் காட்டினான். தப்பாகப் பாடினான். இன்னொருவன் அவனைத் திருத்தினான். எர்மெஸ் கவுண்டர் அருகில் கையில் கிளாசுடன் நின்றார், குடிக்கவில்லை. அவர் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் நிறுத்தவில்லை. இரிதே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போகலாம் என்பதற்கா, இரு என்பதற்கா, அவர் கவனிக்கவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்.

"ரெண்டாவது வரில சுருதி கொஞ்சம் கீழ இறங்குச்சு" என்றார்.

இரண்டு கட்சியும் அவர் மேல் பாய்ந்தது. "நீ வாய மூடு மாப்ள" என்றார் நந்தோ. "நீ மேடையில இருந்த. உனக்கு என்ன கேட்டிருக்கும்?"

எர்மெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இறங்கத்தான் செய்தது என்று நிரூபிக்க ஆரம்பித்தார்.