அம்மா போட்ட அரை அளவு மருந்து

ஆயுதபூஜைக்கு எங்கள் பனியன் கம்பெனி வாசலில் பட்டாசு வெடித்தார்கள். கந்தக நெடி மூக்கில் ஏறியதும் மடத்துக்குளத்தில் நாங்கள் விவசாயம் செய்த காடு நினைவுக்கு வந்தது.

அப்பா இறந்த வருடம் மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கின. அப்பாவின் நாட்டுத்துப்பாக்கிக்கு அம்மா தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினார்.

பக்கத்துக் காட்டு மாமா, "குழாய்ல ரெண்டு அளவு வெடிமருந்து கெட்டிச்சாத்தான் பன்னி சுருண்டு உழுகும் அம்மிணி" என்றார்.

"இல்லீங்க மாமா, குழாய் பழசு. அரை அளவு போட்டுப் பாத்துட்டுத்தான் ஏத்தோணும்."

அம்மா துப்பாக்கியை வேப்பமரத்தில் கட்டினார். எங்களைக் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்து, அங்கிருந்தே விசையைக் கயிற்றால் இழுத்தார். அரை அளவுக்கே குழாய் பிளந்துவிட்டது. மாமா பிளந்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய சேலை இருந்தாக் குடுங்க மாமா, பன்னி வராம காட்டச் சுத்தி வேலி கட்டோணும்" என்றார் அம்மா. அந்த வருடச் சோளம் வீடு வந்து சேர்ந்தது.

இன்று அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். களை எடுக்கிறாராம், அப்புறம் பேசச் சொன்னார்.