அக்காவின் பேகலும் எதிர்க் கடைப் பேகலும்

இந்த நினைவு மலரில் அக்காவைக் குலவிளக்கு என்றும் பொறுமையின் சிகரம் என்றும் உறவினர்கள் எழுதியிருக்கிறார்கள். விளக்கு என்பதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். பொறுமை என்பதை மட்டும் அவருடைய தங்கையாகிய என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அக்கா பொறுமையாக இருந்தது குழைத்த மாவிடம் மட்டுமே. மா பொங்குவதற்கு ஓர் இரவு வேண்டுமென்றால் ஓர் இரவு கொடுப்பார். மனிதர்களுக்கு அவர் அவ்வளவு நேரம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் கண்மூடிய நாளிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லோரும் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “கடையை என்ன செய்யப் போறியள்?” இந்தக் கட்டுரை அதற்கான பதில். ஆனால் பதிலை இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தை வாசிக்காமல் நீங்கள் பந்திக்குப் போய்விடுவீர்கள். ஆகவே முதலிலிருந்து வருகிறேன்.

அக்கா மானிப்பாயில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகம் போயிருக்க வேண்டியவர். நாட்டு நிலைமை அவரை அங்கே விடவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஜெர்மனி வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் அகதிகள் விடுதியில் நெடுநாள் இருந்தார். வாழ்க்கையில் பட்ட கஷ்டங்களில் எது பெரியது என்று யாராவது கேட்டால், பசியையோ குளிரையோ அவர் சொன்னதில்லை. “சும்மா இருந்ததுதான்” என்பார்.

அனுமதி கிடைத்ததும் கெல்சென்கிர்ச்சனில் ஒரு சின்ன வெதுப்பகம் அவரைக் கோப்பை கழுவ எடுத்தது. அதை நடத்தியவர் ஃபிராவ் லெம்கே. இளம் வயதில் கணவனோடு அமெரிக்காவில் வாழ்ந்து, அங்கே பேகல் போடப் பழகிவந்த ஜெர்மன் பெண்மணி. பேகல் என்றால் என்னவென்று தெரியாத நம்மவர்களுக்காகச் சொல்கிறேன். அது நடுவில் ஓட்டை உள்ள வட்டப் பாண் ரொட்டி. மாவை உருட்டி வளையமாக்கி, ஓர் இரவு குளிரில் வைத்து, மறுநாள் கொதிநீரில் போட்டெடுத்து, அதன்பிறகே போறணை அடுப்பில் வைக்க வேண்டும். அந்தக் கொதிநீர்தான் மேல்தோலை மினுங்க வைத்து, உள்ளே பல்லுக்கு வேலை கொடுக்கும் பதத்தைத் தருகிறது. நிலக்கரிச் சுரங்கத்து நகரத்தில், கறுப்புப் பாணே கதி என்று இருந்த சனங்களுக்கு நடுவில், ஃபிராவ் லெம்கே இதை விற்றுக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பிடிவாதக்காரர்களைப் பிடிக்கும்.

மா உருட்டும் பெண் ஒருநாள் வராமல் போக, அக்கா கையைத் துடைத்துவிட்டு முன்னுக்குப் போனார். உளுந்து வடைக்கு ஓட்டை போட்ட பழக்கத்தில், உருண்டையைத் தட்டி நடுவில் விரலால் குத்தினார். ஃபிராவ் லெம்கே சிரித்து, மாவைக் கயிறாக உருட்டிக் கையைச் சுற்றிப் பொருத்தக் காட்டிக் கொடுத்தார். அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று தொடங்கி அந்தப் பொருத்து தெரியாத அளவுக்கு உருட்டும்வரை அவர் ஓயவில்லை. பிறகு, ஒரு பெண் பிள்ளைக்குத் தாயான வயதில், பள்ளிக்கூடம் முடித்து வந்த இளம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து வெதுப்பாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைச் செய்தார். அதற்குமேல் மைஸ்டர் பரீட்சை. அது இல்லாமல் இங்கே சொந்தமாக வெதுப்பகம் நடத்த விடமாட்டார்கள். முதல்முறை சட்டப் பாடத்தில் தவறிவிட்டார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த பரீட்சைக்கான திகதி எது என்று தொலைபேசியில் கேட்டார். இரண்டாம் முறை சித்தியடைந்தார்.

யூரோ வந்த காலத்தில் ஃபிராவ் லெம்கேக்கு முழங்கால் ஏலாமல் போக, கடை அக்காவின் கைக்கு வந்தது. நானும் அவரிடமே பழகி, அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். நம்மவர்கள் வாழ்த்த வந்து, ஒரு கடி கடித்து, அதற்குச் சவ்வுப் பாண் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் வைத்தவர்கள் இந்த மலரை வாசித்துக்கொண்டிருப்பார்கள். உங்களைத்தான் சொல்கிறேன், சித்தப்பா.

நாடெங்கும் கிளை வைத்த ஒரு பேகல் கடை தெருவின் மறுபக்கத்தில் திறந்தபோது, கெல்சென்கிர்ச்சனில் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. பெரிய கண்ணாடி, மஞ்சள் விளக்கு, மெத்தை போட்ட கதிரைகள். அக்கா திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போய் ஒரு பேகலுக்குச் சொல்லிவிட்டு ஆறுதலாக இருந்து சாப்பிட்டார். திரும்பி வந்து நியாயமாகத்தான் பேசினார்.

“கழிவறை எங்கட வீட்டை விடச் சுத்தம். பிள்ளை வண்டிலோட வாற தாய்மாருக்கு இடம் விட்டிருக்கினம். காலமை வந்தாலும் பின்னேரம் வந்தாலும் ஒரே மாதிரித் தருவினம். அது லேசான விசயமில்லை.”

“பேகல் எப்பிடி அக்கா?”

“அது வேற எங்கேயோ செய்து, உறையவைச்சு, லொறியில வருது. இஞ்ச சூடு மட்டும் காட்டீனம். தண்ணியைக் கண்டதே இல்லை.”

அந்த வாரமே எங்கள் கடையில் பிள்ளை வண்டிலுக்கு இடம் வந்தது. நாற்காலிகள் மாறின. கழிவறையைத் தேய்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எதிரியிடம் படிப்பதற்கு அக்கா வெட்கப்படவில்லை. எதிர்க் கடையின் பொறுப்பாளர் செவிம் என்ற துருக்கிக் குடும்பத்துப் பெண். மிஞ்சியதை வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும் என்பது அங்கே மேலிடத்து விதி. அதைக் கேட்டதிலிருந்து அக்கா செவிமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் பின்கதவால் கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் கடையில் மிஞ்சிய பேகல் மறுநாள் கொத்தாகிவிடும். முட்டையும் லீக்ஸும் போட்டு அக்கா கொத்தும் சத்தம் கேட்டால் செவிம் தெருவைக் கடந்து வந்துவிடுவார்.

இனி, அக்கா விட்ட ஒரே பிழையைச் சொல்ல வேண்டும். வாடிக்கை குறையத் தொடங்கியதும் கொஞ்சம் பயந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை உறவினர்களை வீட்டுக்கு அழைத்து, எங்கள் பேகலையும் எதிர்க் கடைப் பேகலையும் எது எதுவென்று சொல்லாமல் இரண்டு தட்டில் வைத்தார். நம்மவர்கள் பாணை வாயால் சோதிப்பதில்லை, விரலால் அமத்திப் பார்ப்பார்கள். எது பஞ்சுபோல் அமுங்குகிறதோ அதுதான் புதுசு, அதுதான் நல்லது. வந்த எல்லோரும் எதிர்க் கடைத் தட்டையே காலியாக்கினார்கள்.

“இது மெதுவா இருக்குது பிள்ளை. மற்றது வாயை நோகப் பண்ணுது” என்றார் சித்தப்பா.

சொந்தச் சனத்தின் சொல்லுக்கு அக்கா மயங்கிவிட்டார். கொதிநீர்ப் பானையை இறக்கி வைத்தார். மாவில் பாலும் பட்டரும் சேர்த்து, வேகமாகப் பொங்க வைத்து, நேரே போறணைக்கு அனுப்பினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். மெதுவான பேகல் வேண்டுமென்றால் அதை எதிரே மெத்தையில் இருந்து சாப்பிடலாமே, எங்களிடம் ஏன் வர வேண்டும்?

உலகக் கிண்ணம் தொடங்கியது. அமெரிக்க அணி விளையாடிய நாள், சட்டையெல்லாம் நட்சத்திரமும் கோடுமாக அந்நாட்டு ரசிகர்கள் எங்கள் தெருவை நிறைத்தார்கள். பேகல் என்ற பலகையைக் கண்டதும் ஒரு நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் ஓடி வந்தார்கள். அக்கா மேசையைத் தானே துடைத்து, தானே பரிமாறி, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் மரியாதையானவர். மென்று விழுங்கிவிட்டு, “நல்ல பணிஸ்” என்றார். கூடவே கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினார். பாதியை வைத்துவிட்டுப் போனார்கள்.

பணிஸ். மெதுவான இனிப்புப் பன்னுக்குத்தான் அந்தப் பெயர். யாராவது அக்காவின் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு நொந்திருக்காது. அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னுக்கு வந்து, என் முன்னால் வைத்து, “அந்தப் பானையை எடு” என்றார். அன்று பின்னேரமே பழைய முறைக்கு மா குழைத்தோம். மறுநாள் கடைக்கு முன்னால் சோக்கட்டியால் எழுதும் பலகையில், தன் கையாலேயே, ‘எங்கள் பேகல் இழுபடும்’ என்று ஜெர்மனில் எழுதி வைத்தார். போனவர்களில் பாதிப் பேர் அதை வாசித்துச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மற்றப் பாதியை மீட்க இரண்டு குளிர்காலம் உழைத்தார். கிளைக்கடையின் மேலிடத்திலிருந்து ஒரு கனவான் வந்து, எங்கள் கடையையும் அவர்கள் பெயரில் நடத்தலாம், பொருள் எல்லாம் வந்து இறங்கும், அக்காவுக்கு வேலை மிச்சம் என்றார். அக்கா அவருக்கு ஒரு பேகலும் தேநீரும் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

பிறகு வருத்தம் வந்தது. புற்றுநோய் என்பதை முதலில் அறிந்தது அத்தான், அடுத்தது நான். கதிர்ச் சிகிச்சைக்குப் போன நாட்களிலும் அக்கா கடை வழியாகத்தான் போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, என் கையை முகர்ந்து பார்த்து, “இண்டைக்கு மோல்ட் கூடப் போட்டிட்டாய்” என்றார். பேகல் மாவில் சேர்க்கும் அந்த வாற்கோதுமைப் பாகு அன்று கூடியது உண்மைதான். கடைசி நாட்களில் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒருநாள் சித்தப்பா கட்டிலருகில் இருந்து, “உந்தக் கடையை அவங்களிட்டயே குடுத்திட்டு நிம்மதியா இரு பிள்ளை, எல்லாப் பேகலும் ஒண்டுதானே” என்றார். அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, “ஒண்டில்லை, சித்தப்பா” என்றார். அவர் தெளிவாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. அத்தானும் மகள் மதுராவும் நானும் பக்கத்தில் இருக்க, ஒரு காலை நேரத்தில் அமைதியாக அவர் மூச்சு அடங்கியது.

இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவன்று, நம் வழக்கப்படி, அக்காவுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் நான் பார்த்துக்கொண்டேன். பேகலும் இருக்க வேண்டும் என்று அத்தானுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். எங்கள் கடை பூட்டிக் கிடந்தது. அத்தான் தெருவைக் கடந்து போய் எதிர்க் கடையில் வாங்கி வந்து, அக்காவின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்துவிட்டார். செவிம் அன்று லீவு. இருந்திருந்தால் விற்றிருக்க மாட்டார்.

இலையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் விரல் அதில் பட்டது. பஞ்சுபோல் அமுங்கியது.

“அத்தான், இதை எங்க வாங்கினீங்கள்?”

“முன்கடையிலதான். ஏன், எல்லாம் ஒண்டுதானே?” என்றவர், தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு அப்படியே கதிரையில் இருந்தார். “அவ என்னை ஒருநாளும் பானைக்குக் கிட்ட விடேல்லையே. எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று குழந்தைபோல் அழுதார். மதுரா தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அந்தப் பேகலை இலையிலிருந்து எடுத்தேன். நல்ல பேகலுக்கு ஓர் இரவு வேண்டும், எங்களுக்கு அன்று இருந்தது அரை நாள். ஆகவே எட்டுச் செலவுப் படையல் பேகல் இல்லாமலே நடந்தது. அரைகுறையாக ஒன்றை வைப்பதைவிட அக்கா இதையே விரும்பியிருப்பார்.

அக்காவைக் கடைசிவரை பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், வீட்டு அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளில் உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் கதவு பூட்டியிருந்தபோது வந்து திகைத்து நின்ற வாடிக்கையாளர்களுக்குச் செய்தியைச் சொல்லி, அவர்கள் கொண்டுவந்த பூக்களைத் தன் கடையில் தண்ணீர் ஊற்றிக் காத்துத் தந்த செவிமுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொத்துப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கும் நன்றி. அக்காவின் கடைசி வார்த்தையை வரவழைத்தவர் அவர்தான்.

இனிப் பதில். கடை விற்கப்படாது. யாருடைய பெயருக்கும் மாறாது. மைஸ்டர் இல்லாமல் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்பவர்களுக்கு: மைஸ்டர் பட்டம் உள்ள ஃபிராவ் லெம்கே தன் நோகிற முழங்காலோடு திரும்பி வருகிறார், நான் சித்தியடையும்வரை இருப்பார். நான் பரீட்சைக்குப் பதிந்துவிட்டேன். சட்டப் பாடத்தில் முதல்முறை தவறினால் இரண்டாம் முறையும் போவேன்.

இன்றைய முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வரும் திங்கட்கிழமை கதவு திறக்கும். அதற்கு முன், இன்று படையலில் இருப்பதும், பந்தியில் உங்கள் இலைக்கு வருவதும் எங்கள் போறணைப் பேகல். நேற்று நானும் மதுராவும் உருட்டி, இரவு குளிரில் வைத்தோம். தண்ணீர் கொதிக்கும்வரை பானைக்குப் பக்கத்தில் அத்தான் நின்றார், அது அவர் கேட்டு வாங்கிய வேலை. தயவுசெய்து விரலால் அமத்திப் பார்க்காதீர்கள். கடியுங்கள். இழுபடும். ஆறுதலாக மென்றுவிட்டு, அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, எல்லாம் ஒண்டுதானே என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.