அஞ்சன மூட்டையில் வந்த அபூர்வக் கல்

பட்டாசுக் கம்பெனியில் சரக்குச் சோதிக்கிற வேலை என்பது, அடுப்பே பற்றவைக்காமல் சோறு வெந்ததா என்று சொல்கிற வேலை. எவனோ கட்டிய மூட்டைக்குப் பொறுப்பேற்று வாங்கிக் கட்டிக்கொண்ட என்னைப்போன்ற சோதனைக்காரர்களுக்கு இது புரியும்.

டீக்கடைச் சோதனை

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் எனக்கு அந்த வேலை. கண்மைக்கு அரைக்கிற அதே அஞ்சனக்கல்தான் எங்கள் புஸ்வாண மருந்துக்கும். ஒருநாள் அஞ்சனம் வந்த மூட்டை ஒன்றில் மாங்காய் அளவில் ஒரு கல் மட்டும் முறைத்துக்கொண்டு கிடந்தது. ஈய நிறம், ஊசி ஊசியாகப் பளபளப்பு, அநியாயக் கனம். செப்புக்காசால் கீறினாலே கோடு விழுந்தது.

கம்பெனிக்குள் தீக்குச்சி உரசினால் வேலையும் போகும், ஆளும் போவான். ஒரு துணுக்கைப் பெயர்த்து எதிர்த்த டீக்கடை அடுப்பில் காட்டினேன். அஞ்சனமென்றால் கரியில் வெள்ளையாகப் படியும்; இதுவோ மெழுகாக உருகி, கரித்துண்டில் மஞ்சள் பூசிவிட்டது. கடைக்காரர் கண்கொட்டாமல் பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்க ஆளுக பீடி பத்தவைக்கத்தான் இங்கன வருவாக. நீங்க கல்லச் சுட வந்திருக்கீக. டீ ஏதும் குடிப்பீகளா?"

பாய் சொல்லாத ஊர்

மதுரையில் ஒரு கனிமப் பேராசிரியருக்கு இன்னொரு துணுக்கை அனுப்பினேன். மறுவாரமே மனிதர் ஓடிவந்தார். பிஸ்மத் என்ற உலோகம், ஈயம், கந்தகம் மூன்றும் சேர்ந்த கல்லாம். உலகத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் கிடைக்குமாம். எந்தச் சுரங்கம் என்று தெரியவேண்டும், இல்லையென்றால் மிச்சக் கல்லாவது வேண்டும். ரெண்டும் இல்லாவிட்டால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்றார். வாலிபத்திலிருந்தே இப்படி ஒன்றுக்காகக் காத்திருந்தாராம்.

விருதுநகரில் மூட்டை விற்ற பாயிடம் அவரைக் கூட்டிப்போனேன். பாய் காப்பியெல்லாம் வாங்கிக் கொடுத்தார். எந்தச் சுரங்கம் என்று கேட்டதற்கு மட்டும் எங்களையே திருப்பிக் கேட்டார். "சரக்கு வர்ற எடத்தச் சொல்லிட்டா, அப்புறம் நீங்க எதுக்குங்க என்னத் தேடி வரப்போறீக?"

சுத்தியல்

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் பேராசிரியரின் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். இரும்பு பட்டுப் பொறி பறந்தால் என்ன ஆவது? "இது இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லையே" என்று கெஞ்சினார் பேராசிரியர். "அப்ப நீங்களும் இங்கனயே இருங்க சார், அதுக்கும் தொணையா இருக்கும்."

அரைக்கிற ஷெட்

சுத்தியலை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனால், நான் கிடங்கு ஜன்னலில் வைத்திருந்த மிச்சக் கல்லைக் காணோம். சீசன் நேரம், அஞ்சனம் குறைகிறதென்று போர்மேன் அதையும் அரைத்து, புஸ்வாணத்தில் அடைத்து, லோடும் ஏற்றி அனுப்பிவிட்டார். பேராசிரியர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார், பாவம்.

"எப்படி எரிந்தது? அதையாவது சொல்லுங்கள்" என்றார். போர்மேன் நன்றாக யோசித்துத்தான் சொன்னார். "சாம்பிள் ரெண்டு விட்டுப் பாத்தோம் சார். மத்ததுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

சிவகாசிக்கு ஒரு சரக்கு வந்துவிட்டால், அது எம்புட்டு அபூர்வமானாலும் தீபாவளிக்குள் எரிந்துதான் ஆகவேண்டும்.